பெரிய மேளமும் அதன் உறுப்பினரும்

இசை நிகழுமுறை இருவகைத்து. ஒருவர் தனித்துப் பாடுதல் ஒன்று. பலர் கூடி ஒருவரேபோல் நின்று இசைத்தல் மற்றொன்று. இவற்றுட் பின்னையதே அரிது. என்னை? தனித்துப் பாடுவார்க்குத் தம் குரலை அறிதல் போதும். கூடி இசைப்பார்க்கோ பிறர் ஒலியைக் கேட்கும் செவியும் வேண்டும். இவ்வுண்மையை நம் மதுரை வீதிகளில் ஒலிக்கும் பெரிய மேளத்தைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பலர் கூடி இசைத்தல் தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகிய அறுவர் இலக்கணத்தையும் தனித்தனியே விரித்துரைக்கின்றது. மாதவி அரங்கேறியபோது குழலைத் தொடர்ந்து யாழும், யாழைத் தொடர்ந்து தண்ணுமையும், அதனைத் தொடர்ந்து முழவும் இயைந்து நின்ற முறையையும் இளங்கோவடிகள் காட்டுவர். முன்னதைக் கேளாமற் பின்னது இசைத்தல் இயலாது என்பது இதனால் விளங்கும்.

இனி, மேளத்தின் உறுப்பினரைக் காண்போம். நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, ஒத்து ஒன்று, தாளம் ஒன்று என்பது பழைய அமைப்பு. நாகசுரம் ஆச்சா மரத்திற் கடையப்படுவது. ஏழு விரற்றுளைகளும், நுனியிற் சீவாளியும் உடையது. தவில் பலா மரத்தாலாயது. வலக்கை விரல்களிற் கூடணிந்தும், இடக்கையிற் கழி பிடித்தும் முழக்கப்படுவது. இந்நால்வரையும் ஊரார் அறிவர். அழைப்பிதழ்களில் இவர் பெயர்களே அச்சாகும்.

எஞ்சிய இருவரோ எனின், ஒத்து ஊதுவோர் ஒருவர். அவர் கருவி நாகசுரத்தை ஒத்ததே. ஆயினும் இராகம் இசைத்தற்குரியதன்று. கன்னத்திற் காற்றைத் தேக்கிக்கொண்டு, மூக்கால் மூச்சு வாங்கி, ஆதார சுருதி ஒன்றையே அறுபடாமல் அவர் ஊதவேண்டும். மற்றவர் கைத்தாளம் இடுவோர். ஒரே சுரமும் ஒரே தட்டும் ஆகலின் இவ்விருவரையும் புகழ்வார் இலர்.

சித்திரைத் திருவிழாக் காலத்து மாசி வீதிகளில் நின்று கேட்போர்க்கு இவர்தம் அருமை புலனாகும். சுவாமி புறப்பாட்டின்போது மல்லாரி முழங்கும். அது கம்பீர நாட்டை இராகத்தது. சொல்லின்றி இசையாலேயே நடப்பது. மக்கள் ஆரவாரமும் வணிகர் கூவலும் சூழ்ந்த அவ்விடத்தும் மேளம் நிலைகுலைவதில்லை. சுருதிக்கு ஒத்தும், காலத்துக்குத் தாளமும் அறுவரையும் ஒருவராகப் பிணித்து நிற்கும்.

1968-ஆம் ஆண்டில் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்' திரைப்படத்தைப் பலரும் அறிவர். திரையில் நாகசுரம் ஏந்தித் தோன்றினோர் சிவாஜி கணேசனும் ஏ. வி. எம். ராஜனும், அவர்க்காக வாசித்தோர் நம் மதுரைச் சகோதரர்களாகிய எம். பி. என். சேதுராமனும் பொன்னுசாமியுமே. அவ்வாண்டுப் பிப்ரவரியில், பீட்டில்ஸ் என்னும் ஆங்கில ராக் இசைக்குழுவினர் தியானம் பயில ரிஷிகேசத்துக்கு வந்திருந்தனர். லிவர்பூல் நகரத்தவரான ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்போர் அந்நால்வர். ஆயின் அதற்கு முன்பே அவர்கள் ஊர் ஊராகச் சென்று மேடையேறுதலைக் கைவிட்டிருந்தனர். காரணம் யாது? 1965 ஆகஸ்டு 15-ஆம் நாள் நியூயார்க் நகரத்து ஷே விளையாட்டரங்கில் 55,000 பேருக்கு மேற்பட்டோர் கூடினர். அவர்கள் எழுப்பிய கூச்சலில் பாடியோர்க்குத் தம் பாட்டே கேட்கவில்லை. இத்தகைய மேடைகளில் முன்னின்ற மூவரின் உடலசைவைப் பார்த்தே பாட்டு எவ்விடத்தது என அறிந்ததாக முழவு கொட்டிய ரிங்கோ பின்னாளிற் கூறியுள்ளார். 1966 ஆகஸ்டு 29-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் நடந்ததே அவர்கள் கட்டணம் பெற்று நிகழ்த்திய இறுதி நிகழ்ச்சி. புகழ் குன்றியதன்று, ஒருவரையொருவர் கேட்கும் வழி அடைபட்டதே அவர் குறை.

அக்குறை நம்மிடத்தும் நுழைகின்றது. ஒத்து ஊதுவோர் இடத்தை இன்று பெரும்பாலும் மின்சுருதிப் பெட்டி கொண்டுவிட்டது. சென்ற தை மாதம் வைகைக் கரைச் சிற்றூர் ஒன்றில் நடந்த உறவினர் திருமணத்துக்குச் சென்றிருந்தோம். மணமக்கள் ஆலயத்தினின்று வெளிவர, மேளம் முன்சென்றது. வெடியோசையிற் சுருதிப் பெட்டியின் ஒலி அடங்கிற்று. முதுமை வாய்ந்த தவிற்காரர் தாளமிட்ட சிறுவனின் கைகளையே நோக்கியவாறு முழக்கினார், ஓரடியும் பிறழவில்லை. விருந்து முடிந்தபின் நால்வர்க்குப் பொன்னாடை போர்த்தினர். சிறுவன் தாளத்தைத் துணியிற் சுற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றான். இக்கட்டுரைக்கெனக் குறிப்பெடுத்த யாமும் நால்வர் பெயரையே எழுதிக்கொண்டு திரும்பினோம். அவன் பெயரைக் கேட்டிலோம். வீட்டார் குறையினும் எம் குறை பெரிது. அவன் தொழிலின் அருமையைக் கண்ணாற் கண்ட பின்னரும் கேளாதிருந்தோம் அல்லமோ?

ஆதலின் மாணவ நண்பர்காள், இனி மேளம் கேட்கும்போது நாகசுரத்தின் இனிமையோடு அதனைத் தாங்கி நிற்கும் ஒற்றைச் சுரத்தையும் ஒற்றைத் தட்டையும் செவிமடுப்பீராக. இசை முடிந்தபின் அவற்றுக்குரியாரை அணுகிப் பெயர் கேட்பீராக.