மருந்துச் சீட்டும் காப்பீட்டு ஒப்பந்தமும்

கேள்வி: புற்றுநோய்க்கு மருத்துவமனையில் ஏற்றப்பட்ட ஊசி மருந்துக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம், அதே நோய்க்காக மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரைக்குத் தர மறுத்துவிட்டது. எந்த மருந்துக்குப் பணம் தருவது என்பது எப்படித் தீர்மானிக்கப்படுகிறது? சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கு வழியே கிடையாதா?
— ஒரு வாசகர், வண்ணாரப்பேட்டை

பதில்: அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள், மருத்துவர்களும் மருந்தியலாளர்களும் அடங்கிய குழுக்களின் துணையோடு மருந்துப் பட்டியல் வகுத்து, விலை குறைந்த பொதுப்பெயர் மருந்துகளைக் கீழடுக்கிலும் விலையுயர்ந்தவற்றை மேலடுக்கிலும் வைத்து, அடுக்கு உயர உயர நோயாளி செலுத்தும் பங்கையும் உயர்த்துகின்றன. இந்தியாவின் வழக்கமான மருத்துவக் காப்பீட்டில் அத்தகைய பட்டியல் கிடையாது. மருந்து எந்த இடத்தில் கொடுக்கப்பட்டது என்பதே இங்கு முதலில் பார்க்கப்படுகிறது. குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தபோதோ, டயாலிசிஸ் போன்ற பகல்நேரச் சிகிச்சையின்போதோ தரப்பட்ட மருந்து கணக்கில் சேரும். சேர்க்கைக்கு முந்தைய 30 நாள், வீடு திரும்பிய பின் 60 நாள் என்று பல பாலிசிகள் வகுத்துள்ள காலத்தில், அதே நோய்க்கு வாங்கும் மருந்துக்கும் பணம் கிடைக்கும். 61ஆம் நாள் வாங்கும் அதே மாத்திரைக்குக் கிடைக்காது. ஆயுள் முழுதும் மாத்திரை விழுங்க வேண்டிய நோய்களே குடும்பங்களின் கையிருப்பைக் கரைக்கும் இக்காலத்தில், படுக்கையை அளவுகோலாகக் கொண்ட இந்த ஏற்பாடு நோயாளிக்கு நியாயம் செய்வதாகச் சொல்ல முடியாது.

புற்றுநோய் மாத்திரைக்கு மட்டும் ஒரு தனிப் பாதுகாப்பு உண்டு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019இல் வெளியிட்ட நெறிமுறை, வாய்வழிக் கீமோதெரபி, ஊசியாகச் செலுத்தப்படும் மோனோகுளோனல் ஆன்டிபாடி, கண்ணுக்குள் போடும் ஊசி உள்ளிட்ட 12 நவீனச் சிகிச்சைகளைப் பாலிசியிலிருந்து விலக்கக்கூடாது என்கிறது. ஆனால் அவற்றுக்குத் துணை வரம்பு, அதாவது மொத்தக் காப்பீட்டுத் தொகைக்குள் அந்தச் சிகிச்சைக்கு மட்டுமான உச்சவரம்பு, வைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு உரிமை உண்டு. 2020இல் வந்த ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ என்னும் பொதுப் பாலிசியில் அது காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம். அந்தப் பாலிசியின் வாசகம் இச்சிகிச்சைகளை மருத்துவமனையில் உள்நோயாளியாகவோ பகல்நேரச் சிகிச்சையாகவோ பெறுவதோடு இணைத்துச் சொல்வதால், வீட்டில் விழுங்கும் மாத்திரை அதில் அடங்குமா என்ற வழக்கு இங்கேதான் எழுகிறது. வாசகர் முதலில் படித்துப் பார்க்க வேண்டியது தம் பாலிசியின் இந்தப் பகுதியைத்தான்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பொறுத்தவரை, வடசென்னைவாசிக்குத் தனியார் பாலிசியைவிட அரசு ஏற்பாடுகளே பெரிதும் கைகொடுக்கின்றன. பழைய வண்ணாரப்பேட்டையை ஒட்டியுள்ள ஸ்டான்லி மருத்துவமனையின் மருந்தகத்தில் என்ன கிடைக்கும் என்பதை, 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் தீர்மானிக்கிறது. நோயின் பரவல், மருந்தின் பயன், பாதுகாப்பு, விலை ஆகியவற்றைப் பார்த்து, பெரும்பாலானோரின் தேவையை நிறைவேற்றும் மருந்துகளைத் தேர்வதே அத்தியாவசியப் பட்டியல் எனப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1977இல் முன்வைத்த கருத்து இது. இந்திய அரசின் 2022ஆம் ஆண்டுப் பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. தமிழ்நாட்டுக் கழகம் வணிகப் பெயரைப் பார்க்காமல் பொதுப்பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரி மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக வாங்குவதாலும், வந்திறங்கும் ஒவ்வொரு தொகுதியின் மாதிரியையும் ஆய்வகச் சோதனைக்கு அனுப்புவதாலும், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் கணக்குப் புத்தகம் கொடுத்து ஒதுக்கீட்டுக்குள் எடுத்துக்கொள்ளச் செய்வதாலும், விலையும் குறைந்தது, வழங்கலும் சீர்பட்டது. பல மாநிலங்கள் பின்பற்றிய முறை இது என்பதில் தமிழ்நாடு பெருமை கொள்ளலாம். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது.

திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்சாலைகளில் மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்கு, ஊதியத்தில் 0.75 சதவீதம் பிடித்தம் செய்து, முதலாளியிடம் 3.25 சதவீதம் பெற்று நடக்கும் தொழிலாளர் அரசுக் காப்பீடு, அதாவது இஎஸ்ஐ, புறநோயாளி மருந்தையும் தருகிறது. குறைந்தது ஐந்தாண்டு காப்பீட்டில் இருந்து வயது முதிர்வால் ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தமக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம் என்பது பலருக்கும் தெரியாமலே போகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இவற்றிலிருந்து மாறுபட்டது. அதில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் தொகுப்புக் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டு, மருந்தின் விலையும் அதற்குள்ளேயே அடங்குவதால், அந்தச் சிகிச்சைக்கான மருந்தை வெளியே வாங்கிவரச் சொல்லிக் குடும்பத்தின் மேல் செலவை ஏற்றுவது முறையாகாது.

மறுப்புக் கடிதம் எந்த விதியின்கீழ் என்று குறிப்பிடாமல் வந்திருந்தால், அதை எழுத்தில் கேட்பது வாசகரின் உரிமை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, நிறுவனத்தின் உரிமைக்கோரல் மறுஆய்வுக் குழு போன்ற குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கோரிக்கையையும் நிராகரிக்க முடியாது. பாலிசியின் பிரதி, நோய்க்கூறு ஆய்வறிக்கை, மாத்திரை ஏன் தேவை என்று சிகிச்சையளிக்கும் மருத்துவர் எழுதிய சான்று, கடை ரசீதுகள் ஆகியவற்றோடு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு முதலில் எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு ஆணையிடும் அதிகாரம் அவருக்கு உண்டு.