உருத்திரபுரம் நூலகக் கணினிகள்: ஓர் இளம் நூலகருக்கு



உருத்திரபுரம் நூலகத்தின் கணினிப் பகுதியைப் பொறுப்பெடுக்கப் போகிறீர், பொடியள் கண்டதையும் பார்க்காமல் எப்படி மறிப்பது என்று கேட்டிருந்தீர். மறிக்கிறது பெரிய வேலையில்லை. ரவுட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அது இருக்கும் இடத்தைச் சொல்லும் சேவை) முகவரியாக கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3ஐப் போட்டால் ஆபாசத் தளங்களும் வைரஸ் தளங்களும் பெரும்பாலும் திறபடா. காசும் இல்லை. பிரவுசருக்குள் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' என்று ஒன்று இருக்கும், அதை நிறுத்திவிடும். அது ஓடினால் பிரவுசர் ரவுட்டரைக் கேளாமல் தன்பாட்டில் வேறு இடத்தில் விசாரிக்கக்கூடும், அப்போது நீர் போட்டது வீண். பாவனையாளர் கணக்குக்கு அட்மின் உரிமை கொடுக்காதையும்.

இந்த முறைக்குத் தளத்தின் பெயர்தான் தெரியும். யூடியூப்புக்குள் எந்த வீடியோ ஓடுகிறது என்று தெரியாது. ஆகவே சிறுவர் கணினிகளை உம்முடைய மேசைக்கு முன்னால் வையும்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். காசுக்கு விற்கும் வடிகட்டிகளில் வகைப் பட்டியல் வரும்: சூது, ஆயுதம், வன்முறை என்று. பூட்ட வருகிறவர் எல்லாப் பெட்டியிலும் சரி போட்டுவிட்டுப் போவார், அவருக்கு வேலை முடிந்தது. 'வன்முறை'யைத் தொடவிடாதையும். 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு குந்தியிருந்த தாய்மாரை உமக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து மகன்ரை பேரைத் தட்டச்சொல்லிப் பார்த்தால், 2009 இறுதிப் போரின் படங்கள் உள்ள பக்கத்தை அந்த வகை கண்ணை மூடிக்கொண்டு மறிக்கும். எங்கள் ஊர் வரலாற்றில் பாதி அந்தப் பெட்டிக்குள் அடங்கிவிடும். மார்பகப் புற்றுநோய், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய பக்கங்களும் சில வடிகட்டிகளில் இப்படித்தான் அகப்படும்.

சொல்லாமல் மறிப்பது எங்களுக்குப் பழக்கமானதுதான். 2007 யூனில் இலங்கை இணைய நிறுவனங்களூடாகத் தமிழ்நெட் செய்தித் தளம் திறபடாமல் போனது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போது முகநூலும் வட்ஸ்அப்பும் நின்றன. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், போராட்டங்கள் நடந்த 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அதேதான். எங்கள் நூலகமும் அந்த வரிசையில் நிற்க வேண்டாம். என்ன மறிக்கிறோம், ஏன் என்று தமிழில் ஒரு தாள் அடித்துக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டும்.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரசின் இணைய உதவி பெறும் நூலகங்கள் வடிகட்டி போடவேண்டும் என்றது. 2003இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றபோது, வளர்ந்தவர் கேட்டால் நூலகர் நிறுத்தலாம் என்பதையும் காரணத்தில் சேர்த்துக்கொண்டது. அது அங்கே சரிவரலாம். இங்கே உம்மட்டை வந்து 'இதைத் திறவும்' என்று கேட்கவேண்டியவ உம்முடைய அம்மாவோடு கோயிலுக்குப் போறவ. கேட்கமாட்டா. பேசாமல் எழும்பிப் போய்விடுவா. அதனால் வளர்ந்தோருக்கென்று ஒரு கணினியில் 1.1.1.2ஐப் போடும், அது வைரஸ் தளங்களை மட்டும் மறிக்கும். திரை சுவரைப் பார்க்கட்டும். ஒருவர் அதில் கூடாத படம் பார்த்தால் நீர் போய் எழுப்பும், அதற்கு மென்பொருள் தேவையில்லை.

பதிவேட்டில் பெயரும் நேரமும் போதும். எந்தத் தளம் என்று எழுதாதையும். பிரவுசரை மூடும்போது வரலாறு தானாக அழியும்படி வையும். இல்லாத பட்டியலை யாரும் வந்து கேட்க ஏலாது.

இதையெல்லாம் தனியே செய்யவேண்டாம். வாசகர் வட்டத்தில் பேசித் தீர்மானமாக எழுதி, பிரதேச சபைச் செயலாளருக்கு ஒரு பிரதி அனுப்பும். பிறகு ஒருநாள் யாராவது போன் எடுத்து, இன்ன செய்தித் தளத்தை மறியும் என்பார். மரியாதையாக, எழுத்தில் தாருங்கோ என்று கேளும். பெரும்பாலும் எழுத்து வராது.

அன்புடன்,
அக்கா