விரைந்தோடுவோர் எங்கே?

உடல் நலம் வேண்டியும் உள்ளக் களிப்பு வேண்டியும் ஓடுவோர் தொகை நம் நாட்டில் நாளுக்கு நாள் பெருகி வருகிறது. ஊர்தோறும் மாரத்தான் நடக்கிறது. மருத்துவர் ஓடுகிறார், வங்கி அலுவலர் ஓடுகிறார், பேரன் எடுத்த தாத்தாவும் ஓடுகிறார். மகிழத்தக்க செய்தியே. ஆனால் இவர்களுள் ஒருவரேனும், "இன்று காலை 60 மீட்டரை ஆறு முறை முழு வேகத்தில் ஓடிவிட்டு வந்தேன்" என்று சொல்லக் கேட்டிருக்கிறோமா? நெடுந்தூர ஓட்டம் பொழுதுபோக்காகிவிட்டது. குறுவிரை ஓட்டம் ஆகவில்லை. நான் மூன்றாமாண்டு விலங்கியல் மாணவி. கல்லூரி அணியில் 100, 200 மீட்டர் ஓடுபவள். பட்டம் பெற்ற பின் எங்கே ஓடுவேன் என்பது எனக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. ஆகவேதான் இப்பொருளை ஆராய முற்பட்டேன்.

"விரைந்தோடுவது கடினம், அதனால் விட்டுவிடுகிறார்கள்" என்பது எல்லோரும் எளிதில் சொல்லும் விடை. மாரத்தான் மட்டும் எளிதா? அதன் தொலைவு 42.195 கிலோமீட்டர். அதற்கு மாதக்கணக்கில் விடியலில் எழுகிறவர்களைக் கடினம் கண்டு அஞ்சுபவர் என்று சொல்ல முடியாது. காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

முதலில் தசையைப் பார்ப்போம். கோழியின் நெஞ்சுக் கறி வெளுத்தும் தொடைக் கறி சிவந்தும் இருப்பதை வீட்டில் அனைவரும் கண்டிருப்போம். நாளெல்லாம் நின்றும் நடந்தும் உழைக்கும் காலுக்குப் பிராணவாயுவைப் பயன்படுத்தி நெடுநேரம் இயங்கும் சிவப்பு நார்கள் வேண்டும். நாய் துரத்தும்போது ஒரே பாய்ச்சலில் கூரையேறும் நெஞ்சுத் தசைக்கு, சட்டெனச் சுருங்கி விரைவில் களைக்கும் வெள்ளை நார்கள் போதும். நெடுந்தூரம் பறக்கும் புறாவின் நெஞ்சுத் தசை சிவந்திருப்பதும் இதனாலேயே. மனிதத் தசையில் இவ்விருவகை நார்களும் கலந்தே உள்ளன. முழு வேகத்தில் ஓடும்போது விரைநார்கள் தம் முழு ஆற்றலுடன் இயங்குகின்றன. அவற்றின் உடனடிச் செலவுக்கு உதவுவது தசையில் சேமிக்கப்பட்டுள்ள கிரியாட்டின் பாஸ்பேட். அது மடியில் முடிந்து வைத்த பணம் போன்றது. கேட்டவுடன் கிடைக்கும், ஆனால் சிறு தொகை. பிராணவாயுவால் கிடைக்கும் ஆற்றலோ மாதச் சம்பளம் போன்றது. மெல்ல வரும், தொடர்ந்து வரும். முழு வேக ஓட்டத்தில் அந்த மடிப்பணத்தின் பெரும்பகுதி சுமார் 10 வினாடிக்குள் தீர்ந்துவிடும். மீண்டும் நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் ஆகும். 2009இல் பெர்லினில் 9.58 வினாடியில் 100 மீட்டரைக் கடந்த உசேன் போல்ட்டுக்கும் உச்ச வேகம் 60 மீட்டருக்கும் 80 மீட்டருக்கும் இடையில்தான் இருந்தது. அதன்பின் அவரும் சற்றே தளர்ந்தார்.

இதன் விளைவு என்ன? 60 மீட்டரை ஆறு முறை ஓடினால் ஓடும் நேரம் ஏறக்குறைய ஒரு நிமிடம். காத்து நிற்கும் நேரம் இருபது நிமிடம். பார்ப்பவருக்கு இது உடற்பயிற்சியாகவே தோன்றாது. எங்கள் அணியின் பயிற்சியை வேலியோரம் நின்று பார்த்த பெரியவர் ஒருவர், "என்னம்மா, ஓடுறதை விட நிக்கிறதுதான் அதிகமா இருக்கே!" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. உடல் எடையைக் குறைக்க வருபவருக்கும் இது உகந்ததாகப் படாது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஐந்து கிலோமீட்டர் மெல்ல ஓடினால் சுமார் 300 கலோரி செலவாகும். ஆறு முறை 60 மீட்டர் என்பது மொத்தமே 360 மீட்டர்தான்.

இன்னொன்று இதனினும் முக்கியமானது. மெல்லோட்டத்தை எவரும் தம் வசதிக்கேற்பக் குறைத்துக் கொள்ளலாம். ஐந்து கிலோமீட்டர் முடியாதவர் இரண்டு ஓடலாம். மூச்சு வாங்கினால் நடக்கலாம். துணைக்கு வருபவரோடு ஊர்க்கதை பேசலாம். எவ்வளவு குறைத்தாலும் அது ஓட்டமாகவே இருக்கும். விரைவோட்டத்தை அப்படிக் குறைக்க இயலாது. பாதி வேகத்தில் ஓடினால் அது விரைவோட்டமே அன்று, மெல்லோட்டம். இதில் பேசவும் முடியாது. அவரவர் வேகம் அவரவர்க்கு, ஆதலால் சேர்ந்தோடவும் முடியாது. பிழைக்கும் இடமில்லை. பயிற்சியின்றித் திடீரென முழு வேகம் எடுத்தால், முன்வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் தொடையின் பின்தசை நீண்டபடியே காலைத் தடுத்து நிறுத்த முயலும். அக்கணத்தில்தான் அது பெரும்பாலும் கிழிகிறது. மெல்லோட்டக்காரருக்கும் முழங்கால் வலி வரும். ஆனால் அது பெரும்பாலும் சொல்லிவிட்டு வரும்.

நெடுந்தூர ஓட்டம் மக்களிடையே தானாகப் பரவியதன்று என்பதையும் மறத்தல் கூடாது. நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்டு என்ற பயிற்சியாளர் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பீட்டர் ஸ்னெல், முர்ரே ஹால்பெர்க் இருவரும் அவர் மாணாக்கர். அவர் சாம்பியன்களோடு நில்லாமல், நடுவயதினரையும் இதய நோயாளிகளையும் மெல்ல ஓடச் செய்தார். 1962இன் இறுதியில் அங்கு சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், எழுபது வயதைக் கடந்த ஒருவர் தம்மைவிட எளிதாக ஓடுவதைக் கண்டு வியந்தார். ஊர் திரும்பிப் பொதுமக்களுக்கு வகுப்பு நடத்தினார். 1967இல் ஓர் இதய மருத்துவருடன் சேர்ந்து மெல்லோட்டம் பற்றி நூல் வெளியிட்டார். மறு ஆண்டே கென்னத் கூப்பர் என்ற மருத்துவரின் 'ஏரோபிக்ஸ்' வந்தது. 1970இல் நியூயார்க்கில் முதல் மாரத்தான் நடந்தபோது ஓடத் தொடங்கியவர் 127 பேர். முடித்தவர் 55 பேர். 2019இல் முடித்தவர் தொகை ஐம்பதினாயிரத்துக்கு மேல்! மருத்துவர் பரிந்துரை, நூல், சங்கம், பொதுச்சாலை, இறுதியில் ஒரு பதக்கம் என எல்லாம் நெடுந்தூர ஓட்டத்திற்கு வாய்த்தன. விரைவோட்டத்திற்கு அத்தகைய தூதர் எவரும் அமையவில்லை.

பதக்கத்தைப் பற்றி ஒரு சொல். மாரத்தானில் கடைசியாக வருபவரும் "முடித்தேன்" எனலாம். அது ஒரு சாதனை. 100 மீட்டரை முடித்தேன் என்றால் சிரிப்பார்கள். இங்கே இடமும் நேரமும் மட்டுமே கணக்கு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி. டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலத்தை இழந்தது நூற்றில் ஒரு பங்கு வினாடியில். தனியாகப் பயிற்சி செய்பவர் தம் முன்னேற்றத்தை எப்படி அறிவார்? கையால் ஸ்டாப் வாட்ச்சை அழுத்துவதில் நேரும் வேறுபாட்டுக்காகவே 100 மீட்டருக்கு 0.24 வினாடி கூட்டிக் கணக்கிடுவது வழக்கம். ஓராண்டு உழைத்துக் குறைத்த நேரம் அந்த வேறுபாட்டுக்குள் மறைந்துபோகலாம்.

இனி, தெருவில் ஓடுவதைப் பற்றி. விடியலில் மெல்ல ஓடுபவரைப் பார்த்தால் "உடம்பைப் பேணுகிறார்" என்பார்கள். அதே தெருவில் ஒருவர் முழு வேகத்தில் ஓடினால்? ஒன்று அவர் திருடர், அல்லது திருடரைத் துரத்துபவர், அல்லது பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர். ஓடுவது பெண்ணென்றால் "என்னாச்சு?" என்று நான்கு வீட்டுக் கதவு திறக்கும். என் வகுப்புத் தோழியரிடம் கடைசியாக எப்போது முழு வேகத்தில் ஓடினீர்கள் என்று கேட்டேன். பெரும்பாலோர் ஏழாம், எட்டாம் வகுப்பு என்றனர். பாவாடை தாவணிக் காலம் போய்ச் சுடிதார் வந்த பின்னும் அந்த வயதுக் கணக்கு மாறவில்லை.

அப்படியானால் விரைந்தோடுவதில் மனிதருக்கு இன்பமே இல்லையா? குழந்தைகளைப் பாருங்கள். ஐந்து வயதுக் குழந்தையை மெல்ல ஓடச் சொன்னால் அது கேட்காது. பாயும், நிற்கும், மீண்டும் பாயும். வளர்ந்தோரும் பாய்கின்றனர், ஆனால் விளையாட்டு என்ற போர்வைக்குள். கபடியில் கோட்டைத் தொட, கோ-கோவில் துரத்த, கிரிக்கெட்டில் ஒரு ரன் திருட எனப் பாய்வதெல்லாம் குறுவிரை ஓட்டமே. ஆடுகளத்தின் இரு ஸ்டம்புகளுக்கிடையே உள்ள தொலைவு 22 கெஜம், அதாவது ஏறத்தாழ 20 மீட்டர். ஆகவே விரைவோட்டம் அருகிவிட்டது என்பதைவிட, அது விளையாட்டுக்குள் மறைந்து வாழ்கிறது என்பதே பொருந்தும். விளையாட்டு நின்ற நாளில் அதுவும் நின்றுவிடுகிறது. பெண்களுக்கு அந்நாள் முந்தி வருகிறது.

இதனால் என்ன இழப்பு என்று கேட்கலாம். முதுமையில் தசை மெலியும்போது அதிகம் சுருங்குவது விரைநார்களே. கால் இடறினால் மறுகாலைச் சட்டென முன்வைத்து ஊன்றத் தேவைப்படுவதும் அவைதாம். மெல்லோட்டம் இதயத்தைக் காக்கும். இந்த விரைவை அது பெரிதும் காப்பதில்லை.

முதுமையிலும் இது இயலுமா என்ற ஐயத்திற்குப் பஞ்சாபியர் இருவர் வரலாறு தக்க சான்று. எண்பத்தொன்பது வயதில் மாரத்தான் ஓடத் தொடங்கிய ஃபௌஜா சிங், 2011இல் நூறு வயதினராக டொராண்டோவில் முழுத் தொலைவையும் கடந்தார். தொண்ணூற்று மூன்று வயதில் ஓடத் தொடங்கிய மன் கௌர் அம்மையார், 2017இல் ஆக்லாந்தில் 101 வயதில் 100 மீட்டரை 74 வினாடியில் ஓடித் தங்கம் பெற்றார். ஃபௌஜா சிங்கைப் பின்பற்றி ஓட ஊர்தோறும் மாரத்தான் உண்டு. மன் கௌரைப் பின்பற்ற விரும்புபவர் எங்கே போவது? 1975இல் டொராண்டோவில் மூத்தோர் தடகள உலகப் போட்டி தொடங்கியது முதல் முதியோருக்கு ஒரு வழி திறந்தது. நம் மாநிலத்திலும் மூத்தோர் போட்டிகள் நடக்கின்றன. ஆனால் அதற்கு வயது 35 ஆக வேண்டும். இருபத்தொன்றில் பட்டம் பெற்று வெளியேறும் என் போன்றவர், தேர்ந்த வீராங்கனையாக இல்லாவிடில், இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளை எங்கே கழிப்பது?

கல்லூரி மைதானம் சனிக்கிழமை மாலைகளில் முன்னாள் மாணவ மாணவியருக்கும் திறந்திருக்குமானால் போதும் என்பது என் எண்ணம். பெரும் செலவில்லை. தொடங்க விரும்புவோர் முதல் மாதம் சற்றே மேடேறும் புல்தரையில் ஓடலாம். மேட்டில் வேகமும் காலின் வீச்சும் குறைவதால் பின்தசைக்கு இடர் குறைவு. முன்னதாகப் பதினைந்து நிமிடம் மெல்லோடி உடலைச் சூடேற்ற வேண்டும். வாரம் இரு நாள், நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே மூன்று நிமிட ஓய்வு. சுண்ணாம்புக் கோடு அழிந்திருந்தாலும் குற்றமில்லை. தொடக்கத்தில் ஒரு செருப்பையும் 60 மீட்டரில் மற்றொன்றையும் வைத்துக்கொள்ளலாம்.