பாதியில் நிற்கும் பிரதி: வயரைப் பிடுங்குமுன் பொறுங்கள்

கடைக் கணக்கைக் கணனியில் வைத்திருப்பவர்கள் அநேகமாக எல்லோரும் இந்த அனுபவத்தைச் சந்தித்திருப்பார்கள். பெரிய பைல் ஒன்றைப் பென் டிரைவுக்கோ வெளி ஹாட் டிஸ்க்குக்கோ அனுப்பும்போது முக்கால்வாசி தூரம் வேகமாக ஓடிப் பின் அப்படியே நின்றுவிடும். மவுஸ் நகராது, திரை மாறாது. கடையில் வாடிக்கையாளர் காத்து நிற்பார். பொறுமை இழந்து வயரைப் பிடுங்கிவிடுவோம்.

நானும் அதைத்தான் செய்தேன். பழைய கணனியை மாற்றுவதற்காக, கணக்கு மென்பொருளின் 6 ஜீ.பி. பெக்அப் பைலும் சிறு பைல்களும் இருந்த போல்டரை வெட்டி, வெளி டிஸ்க்கில் ஒட்டினேன். பெரிய பைலில் வந்து வேலை நின்றது. கால் மணி நேரம் பார்த்துவிட்டு வயரைக் கழற்றினேன். மறுபடி போட்டபோது டிஸ்க்கைத் திறக்க முடியவில்லை.

கணனி திருத்தும் தம்பி ஒருவர் வந்து பார்த்தார். "நானா, கணனி நிற்கவில்லை. அது எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கு. நீங்கதான் நிப்பாட்டி இருக்கீங்க" என்றார்.

பயந்துபோயிருந்த பெரிய பைல் பழைய கணனியிலேயே பத்திரமாக இருந்தது. தொலைந்தது சிறு பைல்கள். அவற்றில் ஒன்றுதான் நாற்பதுக்கும் மேற்பட்ட கடைகளின் கடன் பாக்கி எழுதிய பைல். பில் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் புரட்டி அந்தக் கணக்கை மீண்டும் எழுத ஐந்து நாட்கள் சென்றன. அடிக்கட்டை இல்லாதவற்றுக்கு வாடிக்கையாளர் சொன்ன தொகையையே ஏற்றுக்கொண்டேன்.

பெரியது தப்பி, சிறியது போனது ஏன்?

ஒவ்வொரு டிஸ்க்கிலும் எந்தப் பைல் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் ஒரு பதிவு முறை உண்டு. அதைக் கோப்பு முறைமை, அதாவது பைல் சிஸ்டம் என்பார்கள். விண்டோஸ் கணனியின் உள் டிஸ்க்கில் பெரும்பாலும் இருப்பது என்.டி.எப்.எஸ். பென் டிரைவ்களில் ஃபாட் 32 அல்லது எக்ஸ்ஃபாட் இருக்கும். லினக்ஸில் இ.எக்ஸ்.டி. 4 பரவலாக உண்டு.

ஒரே டிஸ்க்கின் ஒரே பகுதிக்குள் பைலை இடம் மாற்றினால், பதிவேட்டில் முகவரி மட்டுமே மாறும். எத்தனை ஜீ.பி. ஆனாலும் நொடியில் முடியும். ஒரே களஞ்சியத்தில் இருக்கும் மூட்டைக்கு ராக்கை இலக்கத்தை மாற்றி எழுதுவது போன்றது அது. வேறு டிஸ்க்குக்கு மாற்றுவதென்றால் சரக்கை லொறியில் ஏற்றி, அடுத்த களஞ்சியத்தில் இறக்கி, பின்பு முதல் களஞ்சியத்தின் பதிவை அழிக்க வேண்டும். என் சிறு பைல்களுக்கு இந்த அழித்தல் நடந்து முடிந்திருந்தது. பெரிய பைல் முடியாததால் அதன் மூலம் அழியவில்லை.

ஆகவே முதல் விதி இது. வேறு டிஸ்க்குக்கு அனுப்பும்போது வெட்டி ஒட்டாதீர்கள். பிரதி எடுங்கள், சரிபாருங்கள், அதன் பின்னரே மூலத்தை அழியுங்கள்.

உண்மையிலேயே நின்றுவிட்டதா?

டிஸ்க்கின் சிறு விளக்கைப் பாருங்கள். அது மின்னினால் பெரும்பாலும் வேலை நடக்கிறது. கீபோர்டில் நம்லொக் பொத்தானை அழுத்துங்கள். அதன் விளக்கு மாறினால் கணனிக்கு உயிர் இருக்கிறது. விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அங்கே டிஸ்க்கின் எழுதும் வேகம் பூச்சியத்தில் இல்லையென்றால் காத்திருங்கள்.

நிற்பதற்கான காரணங்கள்

1. நினைவகத்தில் தேக்கம். கணனி தரவை முதலில் வேகமான நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு மெதுவாக டிஸ்க்கில் இறக்கும். திரையில் ஓடும் கோடு வாங்கிய கணக்கைக் காட்டலாம், இறக்கிய கணக்கை அல்ல. லினக்ஸில் வழமையாக, பயன்படுத்தக்கூடிய நினைவகத்தின் 20 வீதம் வரை இப்படித் தேங்க இடமுண்டு. 8 ஜீ.பி. நினைவகமுள்ள கணனியில் இது சுமார் ஒன்றரை ஜீ.பி. வினாடிக்கு 5 எம்.பி. எழுதும் பென் டிரைவ் அதை இறக்கி முடிக்க 5 நிமிடம் பிடிக்கும். அந்நேரம் மற்ற வேலைகளும் வரிசையில் நிற்பதால் கணனி முழுவதும் உறைந்ததுபோல் தெரியும். இதற்கு மருந்து பொறுமை. லினக்ஸில் 'சின்க்' என்ற கட்டளையைக் கொடுத்தால், தேங்கியது முழுவதும் இறங்கிய பின்னரே அது திரும்பும். அடிக்கடி நடந்தால், தெரிந்தவரைக் கொண்டு அந்தத் தேக்க எல்லையைக் குறைத்து வைக்கலாம். விண்டோஸில் 2018ஆம் ஆண்டின் 1809 பதிப்பு முதல் வெளி டிஸ்க்குகளுக்கு இந்தத் தேக்கம் வழமையாக நிறுத்தப்பட்டுள்ளது. என்றாலும் பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுத்த பின்னரே கழற்றுவது நல்லது.

2. ஃபாட் 32இன் எல்லை. 1996இல் வந்த இந்த முறைமையில் ஒரு பைல் 4 ஜீ.பி.யை எட்ட முடியாது. பென் டிரைவில் 60 ஜீ.பி. வெறுமையாக இருந்தாலும் 6 ஜீ.பி. பைல் போகாது. விண்டோஸ் பைல் மிகப் பெரியது என்று சொல்லிவிடும். சில மென்பொருள்கள் 4 ஜீ.பி. வந்ததும் பாதியில் நின்றுவிடும். எக்ஸ்ஃபாட்டுக்கோ என்.டி.எப்.எஸ்.ஸுக்கோ மாற்ற வேண்டும். ஃபோர்மட் செய்தால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். பல வகைக் கணனிகளுக்கும் எடுத்துச் செல்ல எக்ஸ்ஃபாட் வசதியானது. விண்டோஸில் மட்டும் பாவிப்பதற்கு என்.டி.எப்.எஸ். உறுதியானது. திடீரென மின்சாரம் போனால் தன் பதிவேட்டைச் சீர்செய்யும் குறிப்பேடு அதற்குண்டு, எக்ஸ்ஃபாட்டுக்கு இல்லை.

3. வயரும் மின்சாரமும். வெளி டிஸ்க்குகள் பல யூ.எஸ்.பி. துளையிலிருந்தே மின்சாரம் எடுக்கின்றன. பழைய 2.0 துளை 500 மில்லிஅம்பியரும், 3.0 துளை 900 மில்லிஅம்பியரும் தரும். ஹப்பில் நாலைந்து சாதனங்களை மாட்டினால் போதாமல் போய் டிஸ்க் விட்டு விட்டுத் துண்டிக்கப்படும். வேறு வயரைப் போட்டு, கணனியின் பின்பக்கத் துளையில் நேரடியாக மாட்டிப் பாருங்கள். பெரும்பாலான செலவில்லாத திருத்தம் இங்கேதான் இருக்கிறது.

4. போலிப் பென் டிரைவ். 64 ஜீ.பி. என்று காட்டும், உள்ளே 8 ஜீ.பி.தான் இருக்கும். அதைத் தாண்டியதும் நிற்கும். அல்லது எழுதியதாகக் காட்டிவிட்டுத் திறக்கும்போது வெறுமையாக இருக்கும். நம்ப முடியாத மலிவு விலையில் வாங்கியிருந்தால், கணக்கை அதில் வைக்குமுன் முழுவதும் எழுதி வாசித்துச் சோதிக்கும் இலவச மென்பொருளால் பரிசோதியுங்கள்.

5. டிஸ்க்கே கெட்டுப்போதல். எத்தனை முறை செய்தாலும் ஒரே பைலில், ஒரே இடத்தில் நின்றாலோ, டிக் டிக் என்ற சத்தம் கேட்டாலோ இதைச் சந்தேகிக்க வேண்டும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் நலத்தைக் காட்டும். எச்சரிக்கை வந்தால் திரும்பத் திரும்ப முயன்று பார்க்காதீர்கள். மிக முக்கியமானவற்றை முதலில் எடுங்கள். டிஸ்க்கைத் திருத்தும் கட்டளைகளை அதற்கு முன் ஓடவிட வேண்டாம்.

நேரத்தைக் கணக்கிடுங்கள்

சரக்கு ஏற்ற எவ்வளவு நேரமாகும் என்று லொறிக்காரரிடம் கேட்கிறோம் அல்லவா? இங்கும் அதே கணக்குத்தான். வினாடிக்கு 5 எம்.பி. எழுதும் பென் டிரைவில் 6 ஜீ.பி.க்கு 20 நிமிடம் தேவை. 30 எம்.பி. எழுதும் டிஸ்க்குக்கு மூன்றரை நிமிடம் போதும். இது தெரிந்திருந்தால் நான் கால் மணி நேரத்தில் அவசரப்பட்டிருக்க மாட்டேன். பெரிய பிரதிகளைக் கடை மூடும் நேரத்தில் ஆரம்பியுங்கள். விண்டோஸோடு வரும் ரோபோகொப்பி, லினக்ஸில் ஆர்சின்க் ஆகியவற்றைப் பாவித்தால் தடைப்பட்ட பிரதியை எல்லாம் முதலிலிருந்து தொடங்காமல் தொடரலாம். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக்களை நாம் மறந்திருக்க மாட்டோம். யூ.பி.எஸ். இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

முடிந்த பின் இரு பக்கமும் பைல்களின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றா என்று பாருங்கள். டிஸ்க்கைக் கழற்றி, மறுபடி மாட்டி, பெக்அப்பைத் திறந்து பாருங்கள். இரண்டாவது பிரதி ஒன்றைக் கடைக்கு வெளியே, வீட்டில் வையுங்கள்.

சரக்கை எண்ணிப் பார்க்காமல் நாம் எவருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதில்லை. கணனி 'முடிந்தது' என்று சொன்னாலும் எண்ணிப் பார்த்த பின்னரே மூலத்தை அழியுங்கள். அந்தக் கடன் பைலில் இருந்தது எனது பணம் மட்டுமல்ல, என்னை நம்பிக் கணக்கு எழுதாமல் விட்ட வாடிக்கையாளர்களின் நம்பிக்கையும்தான்.