பிழையைத் தேடிப் பிடிப்பவர்

உணவங்காடி நிலையத்தில் உணவு வாங்கிவிட்டுக் கைப்பேசியால் பணம் செலுத்துகிறோம். பொத்தானை அழுத்தியதும் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவசரத்தில் அதே பொத்தானை இருமுறை அழுத்திவிட்டால்? பாதியில் இணையத் தொடர்பு அறுந்துவிட்டால்? தொகைக்கு முன் கழித்தல் குறியைப் போட்டால்? இக்கேள்விகளை நமக்கு முன்பே கேட்டுச் சோதித்துப் பார்ப்பவர்தான் மென்பொருள் தரச் சோதனையாளர்.

ஒரு செயலி எப்படி வேலை செய்ய வேண்டும் என்று நிரலாளர் சிந்திக்கிறார். சோதனையாளரோ அது எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்று சிந்திக்கிறார். பிழையைக் கண்டால், எந்தக் கைப்பேசியில், எதை எந்த வரிசையில் அழுத்தியபோது அது தோன்றியது என்று எழுதிக் கொடுக்கிறார். அக்குறிப்பைக் கொண்டு அதே பிழையை மீண்டும் வரவழைக்க முடிந்தால், நிரலாளருக்கு அதைத் திருத்துவது எளிதாகும். அடுத்தவர் பல நாள் உழைத்து முடித்ததில் குறை சொல்லும் வேலை இது. மனம் புண்படாமல் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும்.

இத்தகைய சக ஊழியரைப் பாராட்டுவது எளிதன்று. புதிய வசதியை உருவாக்கியவரின் உழைப்பு திரையில் தெரியும். சோதனையாளரின் உழைப்பு வெற்றி பெற்றாலோ, எதுவுமே நடப்பதில்லை! கண்டுபிடித்த பிழைகளை எண்ணிப் பரிசு கொடுக்கலாமே என்று தோன்றலாம். அப்படிச் செய்தால் எழுத்துப்பிழை, நிற வேறுபாடு போன்ற சில்லறைக் குறைகளே அறிக்கையில் குவியும். பணத்தை இருமுறை கழிக்கும் ஒரே ஒரு பிழையைத் தேடி மூன்று நாள் செலவிட்டவர் பட்டியலின் கடைசியில் நிற்பார். விருதுக்குப் பரிந்துரைக்கும்போது, 'கடின உழைப்பாளி' என்று எழுதுவதாலும் பயனில்லை. 'வெளியீட்டுக்கு முதல் நாள் இந்தப் பிழையைக் கண்டார். தேதியைத் தள்ளிவைக்கும்படி மேலாளரிடம் வாதாடினார்' என்று எழுதினால், நடக்காமல் போனது என்ன என்பது படிப்பவருக்குப் புரியும்.

இனி வரக்கூடிய பிழையைப் பற்றி எச்சரிப்பவரை உடனே நம்புவோரும் குறைவு. 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில், அப்போலோ விண்கலத்திற்கான மென்பொருள் குழுவை வழிநடத்தியவர் மார்கரெட் ஹேமில்டன். அங்கு, விண்பயணத்தைப் பாவனையாக நடத்திப் பார்க்கும் பொறி ஒன்று இருந்தது. ஒரு நாள் அவருடைய சிறு மகள் அதன் விசைகளை விளையாட்டாக அழுத்தினாள். புறப்படுவதற்கு முன்பு மட்டுமே இயங்க வேண்டிய நிரல், 'பயணத்தின்' நடுவே தொடங்கியது. மென்பொருள் செயலிழந்தது. விண்வெளி வீரரும் இதே தவற்றைச் செய்யக்கூடும் என்று கருதிய ஹேமில்டன், அதைத் தடுக்கும் நிரலைச் சேர்க்க விரும்பினார். நன்கு பயிற்சி பெற்ற வீரர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று கூறி, நாசா அதிகாரிகள் மறுத்துவிட்டனர்.

1968 டிசம்பரில், அப்போலோ 8 விண்கலத்தில் சென்ற ஜிம் லோவல் தவறுதலாக அதே நிரலைத் தொடங்கினார். விண்கலம் வழியறிந்து செல்லத் தேவையான தரவுகள் அழிந்தன. பூமியில் இருந்தவர்களின் உதவியோடு அவை மீண்டும் சேர்க்கப்பட்டன. அதன் பின்னரே ஹேமில்டன் கேட்ட பாதுகாப்புக்கு அனுமதி கிடைத்தது. அப்போலோ மென்பொருளுக்கு அவர் ஆற்றிய பணிக்காக 2003இல் நாசா அவருக்குச் சிறப்பு விருதும் 37,200 அமெரிக்க டாலரும் வழங்கியது. அப்போலோ 8 பூமிக்குத் திரும்பி அப்போது ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆகியிருந்தன.