நடக்கும்போதே நின்றுவிடும் டிரெட்மில்

நாள் முழுவதும் கல்லாவில் அமர்ந்திருக்கும் நம்மில் பலர், மருத்துவர் சொன்னதால் வீட்டில் டிரெட்மில் வாங்கி வைத்திருக்கிறோம். அது ஓட்டத்தில் திடீரென நின்றால் விழுந்து அடிபட நேரும். மோட்டார் போய்விட்டது என்று பணத்தை எண்ணிக் கொடுக்குமுன், எப்போது நிற்கிறது என்று கவனிப்போம்.

1. ஓடத் தொடங்கிய சில விநாடிகளில் நின்றால், வேகத்தை அளக்கும் சென்சார் விலகியிருக்கலாம்; தூசு படிந்திருக்கலாம்.

2. அதிர்வு ஏற்படும்போது நின்றால், பாதுகாப்புச் சாவி சரியாகப் பொருந்தவில்லை எனலாம்.

3. 10, 15 நிமிடம் ஓடிச் சூடேறியபின் நின்றால், பெல்ட்டின் அடிப்பக்கம் வறண்டிருக்கக்கூடும். உராய்வு கூடினால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். கன்ட்ரோல் போர்டு உடனே நிறுத்திவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, கையேட்டில் சொன்ன அளவே சிலிக்கான் எண்ணெய் விட வேண்டும். கடையில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் ஊற்றக் கூடாது.

4. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் வோல்டேஜ் குறையும். சுவரிலுள்ள பவர் பிளக்கில் நேரே செருகுவோம்.

இதன் பிறகும் நின்றால் மெக்கானிக்கை அழைப்போம். மோட்டார் மூடியை நாமே திறக்க வேண்டாம். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் அதை மட்டும் மாற்றினாலே போதும். சரியாகும்வரை வீட்டில் யாரையும் அதில் ஏறவிடக் கூடாது.