கணிப்பொறித் துறையில் மகளிர்: சம ஊதியமும் சமமின்மையும்

தகவல் தொழில்நுட்பத் துறை மகளிர்க்கு வேலை தர மறுக்கிறது என்று கூற இயலாது. 2023ஆம் ஆண்டில் இத்துறையில் ஏறத்தாழ 54 லட்சம் பேர் பணியாற்றினர் என்றும், அவர்களுள் நூற்றுக்கு 36 பேர் மகளிர் என்றும் இத்துறையின் கூட்டமைப்பாகிய நாஸ்காம் கணக்கிட்டது. பொறியியல் கல்லூரிகளில் நேரடித் தேர்வின் மூலம் எடுக்கப்படும் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் ஒரே ஊதியத்தில் பணியில் சேர்கின்றனர். ஆயினும், பதவிப் படிகள் உயர உயர மகளிரின் பங்கு குறைந்துகொண்டே செல்கிறது.

இக்குறைவைச் சட்டம் நேரடியாகத் தொடுவதில்லை. ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுடைய வேலைக்கும் இருபாலார்க்கும் சம ஊதியம் வழங்கப்பட வேண்டும் என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் விதித்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் இந்நெறியை ஏற்றுக்கொண்டது. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஒரு நிறுவனத்தில் இளநிலைப் பொறியாளருக்கு மாத ஊதியம் ரூ. 50,000, மேலாளருக்கு ரூ. 1,50,000. ஆண்கள் 60 பேரில் 30 பேர் மேலாளர்கள். பெண்கள் 40 பேரில் 10 பேர் மேலாளர்கள். ஆண்களின் சராசரி ஊதியம் ரூ. 1,00,000, பெண்களின் சராசரியோ ரூ. 75,000. ஒவ்வொரு படியிலும் ஊதியம் சமமே, சட்டம் மீறப்படவில்லை. இடைவெளி மட்டும் கால் பங்கு!

பொறியாளர் மேலாளராக உயரும் வயதும், மகப்பேற்று வயதும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் பகல் நமக்கு இரவு; எனவே இரவு நேரக் கலந்துரையாடல்களுக்கு இசைபவரே பொறுப்பானவர் எனக் கருதப்படுகிறார். மகப்பேற்று விடுப்பு முடிந்து திரும்புபவரின் பழைய பணித்திட்டம் வேறொருவர் கைக்குச் சென்றிருக்கும். புதிய திட்டம் கிடைக்கும்வரை அவர் ‘பெஞ்சில்’ காத்திருக்க நேரிடுகிறது. அவ்வாண்டின் மதிப்பீட்டிலும் பின்தங்குகிறார்.

2017ஆம் ஆண்டின் திருத்தம் இவ்விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. போற்றத்தக்க திருத்தமே எனினும், ஊழியர் காப்பீட்டுத் திட்டத்திற்கு மேற்பட்ட ஊதியம் பெறுவோர்க்கு விடுப்புக்கால ஊதியச் சுமை முழுவதும் நிறுவனத்தையே சார்கிறது. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவனத்தில் பணிபுரியும் தந்தைக்குச் சட்டம் ஒரு நாளும் அளிக்கவில்லை. ஆகவே, குழந்தைப் பேறு பெண்ணை நியமிப்பதற்கான தனிச் செலவாகவே முதலாளியின் கணக்கில் தோன்றுகிறது. இச்செலவு சமூகக் காப்பீட்டிலிருந்தோ பொது நிதியிலிருந்தோ ஏற்கப்பட வேண்டும் எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்பாடு கூறுவது இக்காரணம் பற்றியே.

நிலையை அளந்தறிய இப்போது ஒரு கருவி உண்டு. பங்குச் சந்தையில் முன்னணியிலுள்ள 1,000 நிறுவனங்கள் 2022-23 முதல் செபி அமைப்பின் விதிப்படி ஆண்டுதோறும் பொறுப்புடைமை அறிக்கை வெளியிடுகின்றன. ஆண், பெண் ஊழியர்களின் இடைநிலை ஊதியம் அதில் தனித்தனியே தரப்படுகிறது. மகப்பேற்று விடுப்பிலிருந்து திரும்பியோரில் ஓராண்டுக்குப் பின்னும் பணியில் நீடிப்போர் விழுக்காடும் அதிலேயே உள்ளது. மொத்தப் பெண் ஊழியர் எண்ணிக்கையுடன் நின்றுவிடாமல், ஆய்வு மாணவரும் தொழிலாளர் துறை அலுவலரும் முதலில் பார்க்க வேண்டியவை இவ்விரு எண்களே.